கைரேகை இல்லாத பாட்டிகள்

மக்களே, இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணிகள் கொஞ்சம் ஓவர். போன வாரம்தான் ஒரு ரிலீஸ் முடிஞ்சு மூச்சு விட்டோம். பாதி எழுதி டிராஃப்ட்ல போட்டு வெச்சது மட்டும் ஏழெட்டு இருக்கு. ஆனா இந்தப் பதிவு அந்த லிஸ்ட்லயே இல்ல. நண்பன் ஒருத்தன் கேட்ட கேள்வியால வந்த வினை இது. கொஞ்சம் நீ...ளமாப் போகும். காபியோ டீயோ எடுத்துக்கிட்டு உட்காருங்க. (காபிக்கும் இந்தப் பதிவுக்கும் சம்பந்தம் இருக்கு, அப்புறம் சொல்றேன்.)

பக்கத்து சீட்டுக்காரன் கேட்டது இதுதான். "ஏன்டா, எங்கயாவது என்கவுண்டர்னு செய்தி வந்தா நாலு பக்கத்துக்குப் பொங்குற. சட்டம், விசாரணை, மனித உரிமைன்னு ஒரே முழக்கம். ஆனா மதியம் சாப்பிட்டுக்கிட்டே நீ படிக்கிறது என்ன? ஒரு கெழவி வரிசையா ஆளுங்களப் போட்டுத் தள்ளுற கதை. அதுவும் சோறு புரையேறுற அளவுக்குச் சிரிச்சுக்கிட்டு!"

பயபுள்ள சரியாத்தான் கேட்டுட்டான். "அது வேற, இது வேற"ன்னு சமாளிச்சேன். "எப்படி வேற?"ன்னான். மீட்டிங் இருக்குன்னு எந்திரிச்சு ஓடிட்டேன். மீட்டிங் எதுவும் இல்ல :-)

அன்னிக்கு நான் படிச்சுக்கிட்டிருந்தது ஹெலன் டூர்ஸ்டென்னோட மோட் கதைகள். டூர்ஸ்டென் ஸ்வீடன்காரர். நர்ஸா இருந்து, பல் டாக்டரா இருந்து, அப்புறம் எழுத வந்தவர். ஐரீன் ஹூஸ்னு ஒரு பெண் போலீஸை வெச்சு சீரியஸான துப்பறியும் நாவல்கள் எழுதிப் பேர் வாங்கினவர். நடுவுல ஒரு மாறுதலுக்கு எழுதினதுதான் இந்த மோட் பாட்டி. சின்னப் புஸ்தகம், அஞ்சே கதை, இங்கிலீஷ்ல 2018ல வந்துச்சு. பாட்டிக்கு வயசு 88. கோதன்பர்க் நகரத்துல நல்ல ஏரியாவுல பெரிய ஃபிளாட். அப்பா செத்தப்போ வக்கீல் போட்ட ஒரு ஏற்பாட்டால வாடகையே கிடையாது. கல்யாணம் இல்ல, பிள்ளை குட்டி இல்ல. சேத்து வெச்ச காசுல ஊர் ஊரா சுத்துறது, மிச்ச நேரம் வீட்ல நிம்மதியா இருக்குறது. இவ்வளவுதான் அவங்களுக்கு வேணும். அந்த நிம்மதிக்கு யார் குறுக்க வந்தாலும் வந்தவருக்குக் கூடிய சீக்கிரம் ஒரு 'விபத்து' நடக்கும்.

முதல் கதையில ஒரு பிரபலத்தோட பொண்ணு வருவா. நவீன சிற்பக் கலைஞர்னு சொல்லிக்கிறவ. தன்னோட சின்ன ஃபிளாட்டை மோட்டோட பெரிய ஃபிளாட்டோட மாத்திக்கலாம்னு கணக்குப் போட்டு, பலகாரமும் கையுமா வந்து நைசா பழகுவா. பாவம், கிழவி கிட்ட பேச ஒரு ஆள் கிடைச்சா போதும், உருகிடும்னு நினைப்பு. மோட் உருகல :-) இன்னொரு கதையில மேல் வீட்டுக்காரன் பொண்டாட்டியை அடிப்பான். சத்தம் கீழ கேட்டுக்கிட்டே இருக்கும். கிறிஸ்துமஸ் நேரம் வேற. ஒரு நாள் அவன் படிக்கட்டுல விழுந்து செத்துக் கிடப்பான். இதுக்கு மேல சொன்னா நீங்க அடிக்க வருவீங்க.

அந்தக் கதையில நான் ரசிச்சது ஒண்ணு. மோட் அந்தப் பொண்ணைக் காப்பாத்தணும்னு கிளம்பல. அந்தச் சத்தத்துல கிறிஸ்துமஸ் அன்னிக்குக்கூட அமைதியா ஒரு காபி குடிக்க முடியலையேன்னுதான் கிளம்புறாங்க. அடி வாங்கினவளுக்கு விடுதலை கிடைச்சதெல்லாம் போனஸ். நம்ம ஊர் சினிமாவுல சட்டத்தைக் கையில எடுக்குறவர் யாராச்சும் வசனம் பேசாம விட்டிருக்காரா? 1996ல 'இந்தியன்' தாத்தா வர்மக்கலையில ஆளை முடக்கிப் போட்டுட்டு அப்புறம் உக்காந்து லஞ்சத்தைப் பத்தி வகுப்பெடுப்பார். 2005ல 'அந்நியன்' கருட புராணத்தை வெச்சு தண்டனை கொடுத்தார். எல்லாரும் நமக்காகத்தான் கொல்றாங்க. தியேட்டர்ல நாம கைதட்டணும். தட்டாதவன் தேசத் துரோகி.

மோட் யாருக்காகவும் கொல்லல. கைதட்டு கேக்கல. எழுதினவங்களும் "இவ செஞ்சது சரி"ன்னு ஒரு வரிகூடச் சேர்க்கல. வேலை முடிஞ்சதும் பாட்டி ஒரு நல்ல சாப்பாடு சாப்பிட்டுட்டு அடுத்த டூருக்கு பெட்டி கட்டும். படிக்கிற நமக்குத்தான் "அய்யய்யோ, இதுக்குப் போய் சிரிச்சிட்டோமே"ன்னு இருக்கும். நண்பனுக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய முதல் பதில் இதுதான். என்கவுண்டர் படம் என்னை நீதிமானா உணர வைக்குது. மோட் கதை என்னைக் கூட்டாளியா உணர வைக்குது. எனக்கு ரெண்டாவது பரவாயில்ல.

சரி, இதை அவன் கிட்ட சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பான்னும் தெரியும். "அப்போ ஒரு இருபத்தெட்டு வயசுப் பய நிம்மதியா காபி குடிக்கணும்னு பக்கத்து வீட்டுக்காரனைக் கொன்னா அதையும் சிரிச்சுக்கிட்டே படிப்பியா?" மாட்டேன். புத்தகத்தைத் தூக்கிப் போட்டுருவேன். அப்போ பாட்டின்னா மட்டும் ஏன் சலுகை?

இங்கதான் கொஞ்சம் உறுத்துது. கிழவின்னா ஒண்ணும் செய்ய முடியாதவங்கன்னு நம்ம மனசுல ஏற்கனவே ஒரு முடிவு இருக்கு. அதனாலதான் அவங்க கத்தி எடுத்தா சிரிப்பு வருது. குழந்தை அப்பா ஷூவைப் போட்டுக்கிட்டு நடந்தா சிரிக்கிறோமே, அந்த மாதிரி. இந்த மாதிரிக் கதைகள்ல பாதி, அந்த இளக்காரத்துல குளிர் காயுறதுதான். பாட்டி கெட்ட வார்த்தை பேசுது, ஹா ஹா. பாட்டி பைக் ஓட்டுது, ஹா ஹா. நம்ம சினிமாவுலயும் பாட்டிக்கு பொடி போட்டுக்கிட்டு ஏச்சுப் பேசுறது, இல்லாட்டி இடைவேளைக்கு முன்னாடி செத்துப் போறது, இதை விட்டா எனக்குத் தெரிஞ்சு பெரிசா வேலை கொடுத்ததில்ல.

நல்ல கதைகள் அந்த இளக்காரத்தையே ஆயுதமா எடுத்துக் கையில கொடுத்துடும். போலீஸ் வந்து கேள்வி கேட்டா மோட் காது கேக்காத மாதிரி, புத்தி பேதலிச்ச மாதிரி ஒரு ஆக்டிங் கொடுக்கும் பாருங்க. போலீஸ் "பாவம்"னு எழுந்து போயிடும். சாதாரணக் கொள்ளைக் கதையில மாறுவேஷம், முகமூடி, போலி அடையாள அட்டைன்னு என்னென்னவோ வேணும். இவங்களுக்கு ஒரு வாக்கர் போதும். அகதா கிறிஸ்டி இதை ரொம்ப முன்னாடியே பிடிச்சுட்டாங்க. மிஸ் மார்ப்பிள் முதல் சிறுகதை 1927, முதல் நாவல் 1930. ஊசியும் நூலுமா மூலையில உட்கார்ந்து பின்னிக்கிட்டு இருக்குற கிழவி முன்னாடி எல்லாரும் எல்லாத்தையும் பேசிடுவாங்க. மேஜை நாற்காலி முன்னாடி பேசுற மாதிரி. என்ன, மார்ப்பிள் கண்டுபிடிச்சதை எல்லாம் போலீஸ் கிட்ட ஒப்படைச்சுடும். மோட் ஒப்படைக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போ காபி.

காதரீனா இங்கல்மான்-சுண்ட்பெர்க்னு இன்னொரு ஸ்வீடன்காரர். கடலுக்கடியில தொல்பொருள் ஆராயற வேலை பாத்தவர், பத்திரிகையிலயும் எழுதினவர். 2012ல 'காஃபே மெட் ரோன்'னு ஒரு நாவல் எழுதினாங்க. 'காபியோட கொள்ளை'ன்னு அர்த்தம். ஸ்வீடிஷ்ல 'ரோன்'னா கொள்ளைன்னும் அர்த்தம், காபிக்குத் தொட்டுக்கிற மெல்லிசு வேஃபர் பிஸ்கட்டுன்னும் அர்த்தம். தலைப்புலயே ஒரு கடி ஜோக்.

மார்த்தா ஆண்டர்சன், வயசு 79. கூட ரெண்டு பொம்பளைங்க, ரெண்டு ஆம்பளைங்க. எல்லாரும் ஒரே முதியோர் இல்லம். இல்லத்தோட நிர்வாகம் கை மாறுது. புது முதலாளி வந்ததும் செலவைக் குறைக்கிறேன்னு ஆரம்பிக்கிறான். காபி அளவு குறையுது. தொட்டுக்கக் கொடுக்கிற பன் நிக்குது. வெளிய நடக்கக் கூட்டிட்டுப் போறது நிக்குது. ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் படுக்கணும். ஒருநாள் டிவியில ஜெயிலைப் பத்தி ஒரு டாக்குமெண்டரி ஓடுது. கைதிங்களுக்கு நல்ல சாப்பாடு, தினமும் வெளிய உலாவ அனுமதி. மார்த்தா பாக்குது. நம்மளை விட இவனுங்க நல்லா இருக்கானுங்களேன்னு தோணுது. அப்போ ஜெயிலுக்குப் போயிட்டா என்ன? ஜெயிலுக்குப் போகணும்னா குற்றம் பண்ணணும். பண்றதுதான் பண்றோம், சில்லறைத் திருட்டு எதுக்கு, பெருசா பண்ணிடலாம்.

ஸ்டாக்ஹோம் கிராண்ட் ஹோட்டல்ல ரூம் போடுறாங்க. பக்கத்துலயே நேஷனல் மியூசியம். அங்க இருந்து ஒரு மோனே, ஒரு ரென்வா, ரெண்டு ஓவியத்தைத் தூக்கிட்டு ஒரு கோடி க்ரோனர் பணயம் கேக்குறாங்க. தூக்குறதுக்கு உபயோகமான முக்கியக் கருவி அதே வாக்கர்தான். ஓவியத்தை எங்க ஒளிச்சு வைக்கிறாங்கங்கிறதுதான் புஸ்தகத்துலயே பெஸ்ட் சீன். சொல்ல மாட்டேன். ஒரு துப்பாக்கி கிடையாது, ஒருத்தருக்குச் சின்னக் கீறல் கிடையாது. கொள்ளைப் பணத்துல முதியோருக்கும் ஏழை பாழைக்கும் உதவுறதுக்குன்னு ஒரு 'கொள்ளை நிதி' வேற வெச்சுக்கிறாங்க.

படிச்சப்போ நானும் கெக்கே பிக்கேன்னு சிரிச்சேன். அப்புறம் சும்மா இருக்காம ஸ்வீடன்ல முதியோர் இல்லம் எல்லாம் எப்படித்தான் இருக்கும்னு தேடப் போனேன். (கம்ப்யூட்டர்காரனுக்கு இதே வியாதி, எரர் வந்தா லாக்கை நோண்டாம இருக்க முடியாது.)

1997ல ஸ்டாக்ஹோமை ஒட்டின ஸோல்னாவுல ஒரு முதியோர் இல்லத்துல வேலை பாத்த சாரா வேக்னெர்ட்ங்கிறவங்க, உள்ள நடக்குற கவனிப்பில்லாமையை டிவியில வந்து சொல்லிட்டாங்க. நாடே அதிர்ந்து போச்சு. அதுக்கப்புறம் அங்க வேலை பாக்குறவங்க குறைபாட்டைக் கண்டா புகார் பண்ணியே ஆகணும்னு சட்டம் போட்டாங்க. அவங்க பேர்லயே 'லெக்ஸ் சாரா'ன்னு சொல்றாங்க. 1999ல இருந்து நடைமுறையில இருக்கு. அப்புறம் 2011 கடைசியில 'கரேமா' விவகாரம். முதலீட்டு நிறுவனங்களுக்குச் சொந்தமான கம்பெனி, ஊர்ப்பட்ட முதியோர் இல்லங்களை ஒப்பந்தத்துல எடுத்து நடத்துச்சு. ஸ்டாக்ஹோம்ல கோப்பர்கோர்டன்ங்கிற இல்லத்தைப் பத்தி 'தாகென்ஸ் நிஹேத்தர்' நாளிதழ் தொடர்ந்து எழுதுச்சு. ஆள் பத்தல, கவனிப்பு இல்லன்னு. முதியவங்களோட டயபரை முழுசா நனைஞ்சுதானா மாத்துறாங்கன்னு எடை போட்டுப் பாத்ததா ஒரு செய்தி வந்து அதுதான் எல்லார் மனசுலயும் ஒட்டிக்கிச்சு. எடை போடுறது சரியான அளவு டயபரைத் தேர்ந்தெடுக்கச் செய்யற வழக்கமான வேலைதான், பத்திரிகைதான் ஊதிப் பெருசாக்கிடுச்சுன்னு பின்னாடி மறுப்பும் வந்துச்சு. எது எப்படியோ, அடுத்த வருஷம் 2012ல இந்த நாவல் கடைக்கு வருது. அந்த விவகாரத்தை வெச்சுத்தான் எழுதினாங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா அன்னிக்கு அதைக் கையில எடுத்த ஸ்வீடன்காரன், காபி குறைஞ்ச இடத்துல வெறும் காபியை மட்டுமா படிச்சிருப்பான்?

அடுத்தது இன்னும் மோசம். "இங்க இருக்குறதுக்கு ஜெயிலே மேல்"ங்கிறது ஸ்வீடன்ல ஜோக். ஜப்பான்ல அது நிஜம். 2018ல வந்த ஒரு செய்திக் கட்டுரைப்படி, ஜப்பான் ஜெயில்ல இருக்குற பெண்கள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் முதியவர். தண்டனை வாங்கின முதிய பெண்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் கடையில திருடினதுக்காகத்தான். டோச்சிகி பெண்கள் சிறை மாதிரி இடங்கள்ல சிறைக் காவலர்களே பாட்டிகளைக் குளிப்பாட்டி விடுற நிலைமை. சிலர் விடுதலை ஆகிப் போய்த் திரும்பவும் திருடிட்டு வர்றாங்க. தனியா ஒரு வீட்ல யார் கிட்டயும் பேசாம கெடக்குறதுக்கு இங்க கூட்டமா இருக்கலாமேன்னு. அவங்க திருடறது மோனே ரென்வா இல்ல. சோறு, பழம், அந்த மாதிரி.

இதைப் படிச்சதுக்கப்புறம் மார்த்தாவைத் திரும்ப எடுத்துப் படிச்சேன். சிரிப்பு வந்துச்சு. ஆனா வேற எடத்துல வந்துச்சு.

சரி, இந்த வகைக்கே பாட்டின்னு ஒண்ணைச் சொல்லணும்னா அது அமெரிக்காவுல இருக்கு. ஜோசப் கெஸ்ஸல்ரிங் எழுதின 'ஆர்சனிக் அண்ட் ஓல்டு லேஸ்' நாடகம். 1941 ஜனவரியில பிராட்வே மேடைக்கு வந்துச்சு, ஃபிராங்க் காப்ரா எடுத்த படம் 1944ல வந்துச்சு. புரூக்ளின்ல ரெண்டு அத்தைங்க. தங்கமானவங்க, சர்ச்சுக்குப் போறவங்க. ஆதரவில்லாத தனிமைக் கிழவனுங்க யாராவது ரூம் வாடகைக்குக் கேட்டு வந்தா, பாவம் இந்த வயசுல தனியா கஷ்டப்படுறாரேன்னு வீட்ல செஞ்ச ஒயின்ல விஷத்தைக் கலந்து கொடுத்து மேல அனுப்பி வெச்சுடுவாங்க. தர்ம காரியம். அப்புறம் அடித்தளத்துல முறைப்படி அடக்கம். டஜன் கணக்குல.

இது எங்க இருந்து முளைச்சதுன்னு பாத்தா வயித்தைக் கலக்குது. கனெக்டிகட் மாநிலம் விண்ட்ஸர்ல ஏமி ஆர்ச்சர்-கில்லிகன்ங்கிற ஒரு பொம்பளை முதியோர் இல்லம் நடத்துச்சு. ஆயுசுக்கும் சேத்து மொத்தமா ஒரு தொகை கட்டிட்டா கடைசி வரைக்கும் பாத்துக்குவாங்கன்னு ஒரு ஸ்கீம். கணக்கு உங்களுக்கே புரியும். கட்டினவங்க சீக்கிரம் செத்தா லாபம், ரொம்ப நாள் இருந்தா நஷ்டம். இல்லத்துல சாவு எண்ணிக்கை எகிறுச்சு. 1916ல கைது. தோண்டி எடுத்த உடம்புகள்ல ஆர்சனிக். அதாவது நிஜத்துல முதியோர் இல்லத்துக்காரி கிழவங்களைக் காசுக்காகக் கொன்னா. அது நாடகத்துக்கு வரும்போது கிழவிங்க கருணையால கொல்ற காமெடியா மாறிடுச்சு. அப்புறம் எழுபது வருஷம் கழிச்சு ஸ்வீடன்ல கிழவி, இல்லத்துக்காரன் கிட்ட இருந்து தப்பிக்கக் கொள்ளையடிக்க வருது. நான் இதுல பெரிய நுண்ணரசியல் எல்லாம் தேடல சாமி. ஆனா ஒவ்வொரு வாட்டியும் சிரிப்புக்கு அடியில யாரோ ஒருத்தர் முதியவங்க மேல ஆகுற செலவைக் கணக்குப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.

டோரதி கில்மனோட மிஸஸ் போலிஃபாக்ஸ் வரிசை தெரியுமா? 1966ல ஆரம்பிச்சு 2000 வரைக்கும் பதினாலு நாவல். நியூ ஜெர்சியில ஒரு விதவை அம்மா. பிள்ளைங்க வளந்து போயிட்டாங்க. தோட்டக் கிளப்பு, ஆஸ்பத்திரியில தொண்டு வேலைன்னு பொழுதை ஓட்டிக்கிட்டு இருக்கு. ஒருநாள் நேரா சி.ஐ.ஏ. ஆபீசுக்குப் போயி "உளவாளி வேலை இருக்கா?"ன்னு கேக்கும். இந்த ஒரு வரியைச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. ஆனா அதுக்குச் சில பக்கங்கள் முன்னாடி, மாடியில செடியோட நின்னுக்கிட்டு இருக்குறப்போ, விளிம்பைத் தாண்டி ஒரு அடி எடுத்து வெச்சுட்டா என்னன்னு அந்த அம்மாவுக்கே தோணியிருக்கும். அதனாலதான் டாக்டர் கிட்ட போகும், அதனாலதான் சின்ன வயசு ஆசை என்னன்னு யோசிக்கும். அந்த மாடி இல்லாம சி.ஐ.ஏ. இல்ல. இப்போ வர்ற பல நாவல்கள்ல அந்த மாடியைத் தூக்கிட்டு சி.ஐ.ஏ.வை மட்டும் வெச்சுக்கிறாங்கங்கிறதுதான் என் புகார்.

டியானா ரேபர்னோட 'கில்லர்ஸ் ஆஃப் எ செர்ட்டன் ஏஜ்' (2022) ஓரளவு தப்பிக்குது. அறுபது வயசுல ரிட்டையர் ஆகுற நாலு பெண் கூலிக் கொலையாளிங்களைத் தீர்த்துக்கட்ட அவங்க நிறுவனமே ஆள் அனுப்பும். நாப்பது வருஷம் உழைச்சவங்களுக்கு ரிட்டையர்மெண்ட் கிஃப்ட்! ஐ.டி.காரனுக்குப் புரியாமலா போகும் :-) ரிச்சர்ட் ஆஸ்மன் (2020) எல்லாரும் படிச்சிருப்பீங்க, போன வருஷங்கள்ல படமும் பாத்திருப்பீங்க. நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த இல்லத்துக்குள்ள போகவே கோடீஸ்வரனா இருக்கணும். காபி குறையுற கவலை அங்க யாருக்கும் கிடையாது. மார்த்தா கோஷ்டியே ரெண்டாவது புக்குல லாஸ் வேகாஸுக்குக் கிளம்பினதும் எனக்கு ஆர்வம் போயிடுச்சு. காபிக்காகத் திருடினவங்க வைரத்துக்காகத் திருடினா அப்புறம் அது சாதாரணத் திருட்டுக் கதைதானே.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க ஆச்சி திருநெல்வேலி பக்கம் ஒரு கிராமத்துல தனியா இருக்காங்க. வயசு 81. தாத்தா தபால் துறையில இருந்தவர், அதனால குடும்ப பென்ஷன் வருது. வருஷா வருஷம் நவம்பர்ல "நான் உயிரோடதான் இருக்கேன்"னு சான்று கொடுக்கணும். 2014ல இருந்து ஜீவன் பிரமாண்னு டிஜிட்டலா வந்துடுச்சு. கைரேகை வெச்சா போதும், காகிதமே வேண்டாம். பொட்டி தட்டுறவனா எனக்கு அதுல பெருமை கூட. ரெண்டு வருஷம் முன்னாடி லீவுல இருந்தேன், நானே கூட்டிக்கிட்டு வங்கிக்குப் போனேன். மாமாவும் கூட வந்தார்.

ஆச்சி கட்டை விரலை வெச்சாங்க. மிஷின் ஏத்துக்கல. வேற விரல். ஏத்துக்கல. துடைச்சு வெச்சாங்க, எச்சி தொட்டு வெச்சாங்க. பத்து விரலும் போச்சு. அறுபது வருஷம் பாத்திரம் தேச்சு, பீடி சுத்தி, கைரேகையே தேஞ்சு போயிருக்கு. கவுண்டர்ல இருந்தவர் நிமிர்ந்து எங்க மாமாவைப் பாத்துக் கேட்டார், "பாட்டிக்கு காது கேக்குமா?" ஆச்சி அவருக்கு நேர் எதிர்ல நிக்கிறாங்க. அப்புறம் ஃபாரத்துல இருக்குற கேள்வியையும் மாமாவைப் பாத்தே கேட்டார், "மறுமணம் ஆயிருக்கா?"

மாமா முழிச்சார். நான் சிரிச்சுட்டேன், சத்தியமா அடக்க முடியல. ஆச்சிதான் பதில் சொன்னாங்க. "இன்னும் இல்லய்யா. நல்ல எடமா இருந்தா சொல்லும்."

கவுண்டர்ல எல்லாரும் சிரிச்சாங்க. "பாட்டி சூப்பர்"னாங்க. ஆனா வேலை நடக்கல. ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சு, நாளைக்கு வாங்கன்னாங்க. மறுநாள் மேலதிகாரி கிட்ட காகிதத்துல எழுதிக் கொடுத்து முடிச்சோம். திரும்பி வர்ற பஸ்ல ஆச்சி கையை விரிச்சுப் பாத்துக்கிட்டே வந்தாங்க. "எய்யா, நான் உசுரோட இருக்கேன்னு நானே நின்னு சொல்லுதேன், அந்த மிஷினு இல்லங்குது. நீயும் இந்த மாதிரி மிஷினுதான் செய்யுதியோ?"

இல்ல ஆச்சி, நான் வேறன்னு சொன்னேன். மீட்டிங் இருக்குன்னு ஓட பஸ்ல வழியில்ல.

அந்தச் சிரிப்பைத்தான் நான் இன்னிக்கு வரைக்கும் யோசிச்சுக்கிட்டிருக்கேன். கவுண்டர்காரர் சிரிச்சதும் நான் சிரிச்சதும் ஒரே சிரிப்புதான். ஆச்சி ஒரு ஜோக் அடிச்சு அந்த இடத்துல தன்னை ஒரு ஆளா நிறுத்திக்கிட்டாங்க. நாங்க ஜோக்கை எடுத்துக்கிட்டு ஆளை விட்டுட்டோம். நண்பனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு இப்பவும் எனக்கு முழுசாத் தெரியல. என்கவுண்டர் பண்றவன் பின்னாடி சர்க்கார் இருக்கு, மோட் பின்னாடி ஒரு கைத்தடிகூட ஒழுங்கா இல்லன்னு சொல்லலாம். அது பாதி பதில். கொன்னது கொன்னதுதான்னு அவன் சொன்னா என் கிட்ட எதிர்வாதம் கிடையாது. அதனாலயே எனக்கு மோட்டை விட மார்த்தா ஒரு படி மேல. யாரையும் கொல்லாம, கேட்டா காது கொடுக்காத இடத்துல ஓவியத்தைத் தூக்கிட்டுப் போய்க் காது கொடுக்க வெக்குது.

போன ஞாயித்துக்கிழமை ஆச்சிக்கு போன் பண்ணினேன். வழக்கமா "சாப்ட்டியளா, மாத்திரை போட்டியளா"ன்னு ரெண்டு நிமிஷத்துல வெச்சுடுவேன். அன்னிக்கு மோட் கதையைச் சொன்னேன். மேல் வீட்டுக்காரன் கதை. ஆச்சி நடுவுல ஒண்ணும் பேசல. லைன் கட்டாயிடுச்சோன்னு "ஆச்சி?"ன்னேன்.

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். அவளைப் புடிச்சிட்டானுவளா?"

"இல்ல ஆச்சி. கெழவிதானேன்னு யாரும் சந்தேகப்படல."

"கைரேகை?"

"அது ஒண்ணும் கதையில வரலயே."

"எனக்கெல்லாம் அந்தக் கவலயே இல்ல பாத்துக்க"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அப்புறம் கொஞ்சம் கம்முனு இருந்துட்டு, "நம்ம தெருவுலயும் ஒருத்தன் அப்படித்தான் அடிச்சான். அப்ப உங்க அம்மை கைப்புள்ள. ஊரே கேட்டுக்கிட்டு இருந்தோம்"னாங்க. என்னாச்சுன்னு கேட்டேன். "நேர்ல வா, சொல்லுதேன். இதெல்லாம் போன்ல பேசப்படாது."

தீபாவளிக்கு டிக்கெட் போட்டிருக்கேன். வெயிட்டிங் லிஸ்ட் 43.

பி.கு: மோட் தொகுப்பை முதல் கதையில இருந்து வரிசையாப் படிங்க, நடுவுல தாவாதீங்க. 'காஃபே மெட் ரோன்' இங்கிலீஷ்ல கிடைக்குது, முதல் அம்பது பக்கம் கொஞ்சம் இழுவை, பொறுத்துக்கோங்க. தமிழ்ல யாராச்சும் ஒரு பாட்டியை வெச்சு இப்படி ஒரு கொள்ளைக் கதை எழுதியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆச்சிக்குப் படிச்சுக் காட்டணும்.